கால் குணமானால் காவடி

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நடுத்தர வயது உத்தியோகத்தர் ஒருவர் ஓடினால், பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்து, "எங்க செத்தவீடு?" என்று கேட்பார்கள். ஓடுவதற்கு வேறு நியாயமான காரணம் எதுவும் அவர்களுக்குத் தோன்றாது. நடப்பது மரியாதை. விரைந்து நடப்பது கவலை. ஓடுவது, ஏதோ நடந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு.

இந்த ஒழுங்கிலிருந்து விலக்குப் பெற்றவர் ஒருவரே. அவர் கனகலிங்கம், அரசாங்க இலாகா ஒன்றில் தலைமை எழுத்தர். வாலிபத்திலிருந்தே விடிகாலையில் ஓடிக்கொண்டிருந்தவர். இலாகாவுக்காக நெடுந்தூர ஓட்டங்களில் கோப்பைகள் வாங்கியவர். தெரு முதலில் சிரித்தது, பிறகு கண்டித்தது, கடைசியில் மறந்துபோனது. அவருக்குப் பெண் பார்த்த நாளில், "பெடியன் நல்லவன், ஆனால் ஓடுறவன்" என்று யாரோ பெண்ணின் தகப்பனாரை எச்சரித்தார்களாம். "எங்க ஓடுறவன்?" என்று அவர் திகைத்தாராம். "எங்க ஓடினாலும் திரும்பி வீட்டுக்கு வந்திடுறான்" என்று பதில் வந்ததாம். அது போதும் என்று அவர் மகள் புனிதவதியைக் கொடுத்துவிட்டார்.

ஓட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கனகலிங்கம் நிதானத்தின் உருவம். ஒரு கோப்பில் கையெழுத்திடுமுன் பேனாவின் மூடியைக் கழற்றி, அதைப் பார்த்து, மறுபடி மூடிவிடுவார். வேகத்தையெல்லாம் காலையிலேயே செலவழித்துவிட்டு வருகிறார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அவர் ஓடாத நிலமில்லை. செம்மண் தோட்டப் பாதைகளில் ஓடியிருக்கிறார், மழையில் வழுக்கும் மேடுகளில் ஓடியிருக்கிறார், நாய் துரத்த ஓடி அதனாலேயே ஒருமுறை பரிசும் வாங்கியிருக்கிறார். அந்தக் கால்களுக்கு எங்கும் எதுவும் ஆகவில்லை. நாற்பத்தாறாவது வயதில், ஒரு கையில் குடையும் மறு கையில் சாப்பாட்டுக் கேரியருமாக, புறப்படப்போன பஸ் மினி என்ற சிறு பஸ் ஒன்றைப் பிடிப்பதற்காக ஒரு கடையின் அகலமளவு ஓடினார். கண்டக்டர் வண்டியின் பக்கத்தகட்டைத் தட்டி, "செப்பாட், செப்பாட் லா அங்கிள்!" என்று அவசரப்படுத்தினான். பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி உதைத்தது போலிருந்தது. கனகலிங்கம் திரும்பி, உதைத்தவனை ஆங்கிலத்தில் கண்டிக்க வாயெடுத்தார். பின்னால் நின்றது தபால்பெட்டி மட்டும்தான். குதிகாலுக்கு மேலே ஏறும் தடித்த நரம்பு அறுந்துபோயிருந்தது. கேரியரிலிருந்து கத்தரிக்காய்க் கறி பிரிக்பீல்ட்ஸின் சாக்கடை வரை ஓடியது. அன்று அங்கே முறையாக ஓடியது அது ஒன்றே.

ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்த டாக்டர், "நடக்கலாம். ஓடுவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்" என்றார். அரசாங்கக் குடும்பத்தில் பிறந்து அரசாங்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட புனிதவதிக்கு, 'பிறகு பார்ப்போம்' என்றால் என்ன என்று தெரியும். அவள் வெளி விறாந்தையில் உட்கார்ந்து அழுதாள். துணைக்கு வந்திருந்தவள் பக்கத்து வீட்டு இராஜம்மா. ரயில் ஓட்டுகிறவரின் மனைவி, எதற்கும் அசையாதவள்.

"அழுவாதீங்கக்கா. நேரா பத்துமலை முருகன்கிட்டப் போட்டுடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புல அடிபட்டப்போ நான் அவருகிட்டத்தான் கேட்டேன். எலும்பு, நரம்பு எல்லாம் அவரு டிபார்ட்மெண்ட்டு லா."

"எங்கட கோயில் முருகனும் அதே முருகன்தானே, இராஜம்மா?"

"அதே ஆளுதான். ஆனா அங்க படி ஏறணும்ல்ல? காலப் பத்திக் கேக்கறவங்க படி இருக்கற எடத்துலதான் கேக்கணும்."

இந்த வாதத்தில் குறை எதுவும் புனிதவதிக்குத் தென்படவில்லை. அந்த விறாந்தையிலேயே, பத்துமலை இருக்கும் திக்கு எதுவென்று ஒரு தாதியிடம் விசாரித்து, அந்தப் பக்கம் திரும்பி நேர்த்தி வைத்தாள்: கணவனின் கால் பழையபடி குணமானால், தைப்பூசத்தன்று அவர் காவடி எடுப்பார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது புனிதவதிக்கும் தெரியும். ஆனால் முருகனிடம் பேசுகிறபோது வீட்டுச் சிக்கல்களை இடையில் கொண்டுவருவது சரியல்ல என்று விட்டுவிட்டாள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கோயில் மண்டபத்தில் ஆண்டுதோறும் காவடியை எதிர்த்துச் சொற்பொழிவு ஆற்றுகிறவர் கனகலிங்கம். 'அகப்பூசையும் புறப்பகட்டும்' என்பது தலைப்பு. பக்தி நெஞ்சுக்குள் இருக்க வேண்டியது, தோளில் அல்ல. மயிலிறகைச் சுமப்பது மயிலின் வேலை. நம் சைவம் தேவாரத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை. பல வருஷமாக ஒரே பேச்சு. கேட்பவர்களுக்கு எந்த வாக்கியத்தில் இருமலாம், எந்த வாக்கியத்தில் கைதட்ட வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது. காவடி என்பது தோட்டத்து ஆட்களின் காரியம், உத்தியோகத்து வீடுகளுக்கு உரியதல்ல என்பதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலேயே அது மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது.

நேர்த்தியைக் கேள்விப்பட்ட கனகலிங்கம், மாவுக்கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"இஞ்ச பாரும் புனிதம், என்னைக் கேளாமல் என்ர தோளை நீர் எப்படி நேரலாம்?"

"தோளையோ நேர்ந்தனான்? காலுக்குத்தானே நேர்ந்தனான்."

"காவடி காலிலயோ வைக்கிறது?"

"சுகமானாப் பாப்பம். இப்ப கஞ்சியைக் குடியுங்கோ."

'பாப்பம்' என்ற சொல் அவருக்கு ஆறுதலாக இருந்தது. அவரும் அரசாங்கத்தில் இருந்தவர்தானே.

முதல் தைப்பூசம் வந்தபோது ஊன்றுகோலோடு நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது தைப்பூசத்துக்குள் நன்றாக நடந்தார். புனிதவதி மெல்லப் பேச்செடுத்தாள். கனகலிங்கம் அதற்குத் தயாராக இருந்தார். "நீர் என்னெண்டு நேர்ந்தீர்? பழையபடி சுகமானால் எண்டு. பழையபடி எண்டால் என்ன? நான் ஓடின ஆள். ஓடினால்தான் பழையபடி. இப்ப நடக்கத்தானே செய்யிறன்? முருகனை ஏமாத்தக்கூடாது, புனிதம்."

புனிதவதி யோசித்தாள். நேர்த்தியின் வாசகம் அவர் சொன்னபடிதான் இருந்தது. முருகனுக்குச் சேர வேண்டியதைக் குறைக்கவும் அவளுக்கு மனமில்லை, சேராததைக் கொடுக்கவும் மனமில்லை. "அப்ப நீங்கள் ஓடுற அண்டைக்குப் பாப்பம்" என்று விட்டுவிட்டாள். கனகலிங்கம் அந்த வருஷச் சொற்பொழிவை வழக்கத்தைவிட உரத்த குரலில் ஆற்றினார்.

இப்படியே ஓய்வூதியம் வரை போயிருக்கலாம். வேலாயுதம் வந்து கெடுத்தான்.

வேலாயுதம் கிள்ளான்காரன். துறைமுகத்தில் சரக்குச் சரிபார்க்கிறவன். இரண்டு இலாகாக்களும் மோதிக்கொண்ட பழைய ஓட்டங்களில் கனகலிங்கம் முதல், அவன் இரண்டாவது. அல்லது அவன் முதல், இவர் இரண்டாவது. கணக்கு யார் பக்கம் அதிகம் என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒற்றுமையில்லை. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வாசலில், மனைவி உள்ளே சேலை பார்க்க, வெளியே நின்றுகொண்டிருந்த கனகலிங்கத்தை அவன் பார்த்தான். அவனுக்கு வயிறு வைத்திருந்தது, பல் ஒன்று போயிருந்தது, வாய் மட்டும் பழையபடி இருந்தது.

"அடடே, கனகண்ணே! நீங்க செத்துப் போயிட்டீங்கன்னுல்ல கிள்ளான்ல பேச்சு?"

"காலில அடி."

"பஸ்ஸு புடிக்க ஓடித்தானே? அதான் கேள்விப்பட்டேன். நான் நம்பலண்ணே. கனகண்ணன் பஸ்ஸுக்கெல்லாம் ஓடமாட்டாரு, பஸ்ஸுதான் அவரு பின்னால ஓடும்னு சொல்லிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வருஷக் கடைசில கிள்ளான்ல ஒரு ஓட்டம் வக்கிறாங்க. நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும். பாடாங் திடல்லேருந்து மேரு ரோட்டுல அஞ்சாங்கட்டை மைல்கல்லு வரைக்கும் போயித் திரும்பணும். பத்து மைலு. வந்து கைதட்டுங்கண்ணே. உக்காந்து கைதட்டுறதுக்குக் கால் தேவையில்லல்ல?"

கனகலிங்கம் சிரித்தார். அன்றிரவு சாப்பிடும்போது புனிதவதி புதுச் சேலையைப் பிரித்துக் காட்டினாள், அவர், "எந்த மைலில?" என்று கேட்டார்.

மறுநாள் விடிகாலையில், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பொய்யல்ல, டாக்டர் இரண்டு வருஷத்துக்கு முன்பு சொன்னதுதான். முழுக்கால்சட்டை, முழுக்கைச் சட்டை, குடை. லேக் கார்டனில் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய், முழுக்கால்சட்டையைக் கழற்றி, குடையில் தொங்கவிட்டு, உள்ளே அணிந்திருந்த அரைக்கால்சட்டையோடு வெளிப்பட்டார். முதல் நாள் ஒரு வளைவு வரைதான் ஓட முடிந்தது. ஒரு ஆயா தள்ளிக்கொண்டு போன குழந்தை வண்டி அவரை முந்தியது. தைத்த இடம் பழைய கதவுக் கீல் மாதிரி முனகியது. திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது கனகலிங்கத்துக்குக் கண்ணில் நீர் வந்தது. வலியினால் அல்ல. ஓடிய மூச்சு நெஞ்சில் இறங்கும்போது ஒரு ருசி உண்டு. அது மாறாமல் அப்படியே இருந்தது.

கெண்டைக்காலைப் பலப்படுத்த, நுனிக்காலில் எழும்பி எழும்பி இறங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் செய்தால் புனிதவதி பார்ப்பாள். ஆகவே கோயிலில் செய்தார். ஓதுவார் தேவாரம் பாடும்போது கண்ணை மூடி, கைகூப்பி, தாளத்துக்கு ஏற்பக் குதிகால் உயர்த்தி இறங்கினார். பின்னால் நின்றவர்கள் அதைப் பரவசம் என்று கொண்டார்கள். கோயில் சபைத் தலைவர் முத்துக்குமாரு, "அகப்பூசை எண்டால் அதுதான்" என்று நாலு பேரிடம் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு இருவரும் எழும்பி இறங்கத் தொடங்கினார்கள்.

அந்த முத்துக்குமாருதான் விஷயத்தை உடைத்தவர். அதுவும் நல்ல எண்ணத்தினால். நீரிழிவுக்காக ஒரு காலை லேக் கார்டனில் உலாவ வந்தவர், வளைவில் கனகலிங்கம் அரைக்கால்சட்டையோடு தன்னை நோக்கிப் பாய்ந்து வருவதைக் கண்டார். மரியாதைக்குரிய மனிதர் அந்தக் கோலத்தில் ஓடிவந்தால் பின்னால் என்ன வரும்?

"நாயோ?" என்று கத்தினார்.

கனகலிங்கம் மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை; கையைமட்டும் ஆட்டினார். முத்துக்குமாரு அதை 'ஓடு' என்று எடுத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பை விட்டு, அவருக்கு முன்னால் ஓடத் தொடங்கினார். பயந்த மனிதர், நன்றாகவே ஓடினார். நாய் இல்லை என்று சொல்வதற்காகக் கனகலிங்கம் வேகத்தைக் கூட்ட, காலடி நெருங்குவதைக் கேட்டு அவரும் கூட்டினார். குளத்தின் மறுகரையில்தான், கிள்ளான் ஓட்டம் உட்பட, உண்மையைச் சொல்ல முடிந்தது. முத்துக்குமாரு ஒரு பெஞ்சில் படுத்து வெகுநேரம் வானத்தைப் பார்த்தார்.

"தயவுசெய்து வீட்டில சொல்லிப்போடாதேயுங்கோ" என்றார் கனகலிங்கம்.

"நான் ஏன் சொல்லுறன்? ஓடினது நானுமல்லோ?"

அவர் ரகசியத்தைக் காப்பாற்றத்தான் நினைத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து புனிதவதி விபூதி வாங்க வந்தபோது, எதையும் சொல்லிவிடக்கூடாது என்ற கவனத்தில், "பிள்ளை, உங்கட மனுசன்ர காலைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது" என்று அவராகவே சொன்னார். அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அதற்கு மேல் புனிதவதிக்கு ஐந்து நிமிஷம் போதுமாயிருந்தது.

வீட்டுக்கு வந்து, விபூதித் தட்டை வைத்துவிட்டு, கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஓடுறியளாம்."

கனகலிங்கம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஓடினால்தான் பழையபடி எண்டு ஆர் சொன்னது?"

மூடினார். "நான்தான்."

"அப்ப தைப்பூசத்துக்குக் காவடி."

"பொறும், பொறும். கொஞ்சத் தூரம் ஓடுறது ஓட்டமோ? நான் பத்து மைல், பதினைஞ்சு மைல் ஓடின ஆள். இது சும்மா... துள்ளல்."

"பத்து மைல் ஓடினால் ஒத்துக்கொள்ளுவியளோ?"

"அது... ஓம். அதுதான் நியாயம்." சொன்னபிறகுதான் வேலாயுதத்தின் கிள்ளான் ஓட்டம் எத்தனை மைல் என்று அவருக்கு நினைவு வந்தது. அதையும் முத்துக்குமாரு சொல்லியிருந்தார் என்று மறு வாக்கியத்தில் தெரிந்தது.

"அப்ப கிள்ளானுக்கு நானும் வாறன். முழுக்க ஓடி முடிச்சால் கால் சுகம், நீங்கள் காவடி எடுக்க வேணும். இடையில நிண்டால் சுகமில்லை. நான் முருகனிட்டத் தவணை கேக்கிறன். பிறகு நான் வாயே திறக்கமாட்டன்."

"நடந்து முடிச்சால்?"

"கோட்டைத் தாண்டினால் முடிச்சதுதான்."

அந்த இரவு கனகலிங்கம் தனக்கு முன்னால் இருந்த இரண்டு வழிகளையும் ஒரு கோப்பைப் போலப் புரட்டிப் பார்த்தார். ஓடாமலே இருந்துவிடலாம், அது முடியாது என்று கால்கள் சொல்லின. ஓடி முடித்தால், பல வருஷமாகத் தான் திட்டிய அந்த மயிலிறகு வளைவைத் தோளில் ஏற்றி, மண்டபத்துச் சனங்கள் பார்க்கத் தெருவில் போக வேண்டும். அதன் பிறகு எந்த முகத்தோடு மேடை ஏறுவது? மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக விடிகாலையில் தோன்றியது. ஓட வேண்டும், முடிக்கக்கூடாது. கிள்ளான் பாலத்தடி வரை ஓடி அங்கே நின்றுவிட வேண்டும். அங்கிருந்து பாடாங் கூப்பிடு தூரம். ஓடிய ருசியும் கிடைக்கும், தோளும் தப்பும்.

வேலாயுதத்திடம் டெலிபோனில் இதைச் சொன்னார்.

"அண்ணே, ஒம்பது மைலுக்கு மேல ஓடிட்டுப் பாலத்துல நிக்கிறதுக்கு, நேரா பாலத்துக்கே பஸ்ஸுல வந்து எறங்கலாமே? பஸ்ஸுதான் உங்களுக்கு ராசியாச்சே."

டிசம்பர் மாத ஞாயிறு. வானம் மூடி, மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கிள்ளான் பாடாங்கில் நரைத்த தலைகளும் வழுக்கைகளும் எண்ணெய் தேய்த்த முழங்கால்களுமாக ஒரு கூட்டம் குனிந்து நிமிர்ந்தது. புனிதவதி முடிவுக் கோட்டுக்கு நேரே குடைபிடித்து, பிளாஸ்கோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் சாட்சிக்கு இராஜம்மா.

"அண்ணே, சும்மா போங்க லா! எல்லாம் தெரிஞ்ச முருகன் பாத்துக்குவாரு!" என்று இராஜம்மா கையசைத்தாள். அவள் எந்தக் கட்சி என்று கனகலிங்கத்துக்கு விளங்கவில்லை.

வெடி வெடித்தது. முதல் இரண்டு மைலும் அவர் நிதானமாக ஓடினார். வேலாயுதம் பக்கத்திலேயே வந்தான், பேசிக்கொண்டே. மகளுக்கு வரன் வந்தது, பல் விழுந்தது, துறைமுகத்தில் புது மேலாளர் வந்தது. மேரு சாலையில் கடைவாசல்களில் நின்றவர்கள் இந்த வயதான ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். காப்பிக் கடைக்காரர் ஒருவர், "என்ச்சே, பஸ்ஸு தவறிப்போச்சா?" என்று மலாயும் தமிழுமாகக் கேட்டார். ஐந்தாங்கட்டையில் திரும்பியபோது வேலாயுதத்தின் பேச்சு நின்றது. மூச்சுக்கு மட்டுமே இடமிருந்தது. கனகலிங்கத்தின் குதிகால் முனகியது, பிறகு முனகுவதை நிறுத்திக்கொண்டது. அவர் வயதை மறந்தார். ஈரத்தார் மணம், முன்னால் போகும் முதுகு, காலடியின் தாளம். கோப்பைகளைவிட இதற்காகத்தானே ஓடினோம் என்று நினைத்துக்கொண்டே இரண்டு வழுக்கைகளைத் தாண்டினார்.

பாலம் தெரிந்தது. வேலாயுதம் பத்தடி முன்னால் போய்விட்டிருந்தான். அவனும் தள்ளாடினான். கனகலிங்கம் மனசுக்குள் ஒரு விளக்குக்கம்பத்தைக் குறித்துக்கொண்டார். அங்கே நின்றுவிடுவது. குனிந்து குதிகாலைப் பிடித்துக்கொண்டால் போதும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கம்பம் நெருங்கியது. வேகத்தைக் குறைத்தார்.

அப்போது வேலாயுதம் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே! இதான் உங்க ஸ்டாப்பு! எறங்கிக்குங்க!" என்று கத்தினான். "நான் போயி அக்காகிட்டச் சொல்லிடறேன், கால் போயிருச்சுன்னு!"

நில் என்று கனகலிங்கத்திடம் சொல்லும் உரிமை உலகத்தில் சிலருக்கு இருந்தது. டாக்டருக்கு இருந்தது, புனிதவதிக்கு இருந்தது, முருகனுக்கும் இருக்கலாம். ஒரு கிள்ளான்காரனுக்கு இல்லை. விளக்குக்கம்பம் எப்போது கடந்தது என்று அவருக்குத் தெரியாது. பாலத்தின் நடுவில் வேலாயுதத்தின் தோளோடு தோளாக இருந்தார்.

"அண்ணே... காவடி..." என்று மூச்சுத்திணறலோடு ஞாபகப்படுத்தினான் வேலாயுதம்.

"வாயை... மூடடா..."

"மயிலிறகு... அண்ணே..."

பாலம் இறங்கி, கடைத்தெரு திரும்பி, பாடாங்கின் புல்லில் கால் வைத்தபோது கோட்டுக்கு அப்பால் புனிதவதி எழுந்து நிற்பது தெரிந்தது. குடை கீழே கிடந்தது. அவள் கைகூப்பிக்கொண்டு நின்றாள். நில்லுங்கள் என்றா, வாருங்கள் என்றா? கனகலிங்கத்துக்கு அது தெரியவேண்டியிருக்கவில்லை. கடைசி முப்பது அடியை, ஒருகாலத்தில் பஸ் மினிக்காக ஓடியதைப் போலவே ஓடினார். இந்தமுறை பின்னாலிருந்து யாரும் உதைக்கவில்லை. வேலாயுதத்தை ஒரு நெஞ்சளவில் முந்திக் கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தார். அவர்களுக்கு முன்பே இருபது பேர் வந்து, தேநீரும் குடித்து முடித்திருந்தார்கள். அதை இருவரும் கவனிக்கவேயில்லை.

புனிதவதி ஓடிவந்து பிளாஸ்கைத் திறந்தாள்.

"புனிதம்," என்றார் அவர், வானத்தைப் பார்த்தபடி. "கால் சுகமாகிட்டுது."

"கண்டனான்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாலத்தில நிக்கப்போறியள் எண்டு இந்த வேலாயுதம் முதலே இராஜம்மாவிட்டச் சொல்லிப்போட்டான். நீங்கள் நிண்டிருந்தால் நான் என்ன செய்திருப்பன் தெரியுமோ?"

"என்ன?"

"இன்னொரு நேர்த்தி வைச்சிருப்பன். பறவைக்காவடி."

கனகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல நேரத்தில் முடித்தோம் என்று நினைத்தார்.

அந்த வருஷமும் சொற்பொழிவு நடந்தது. தலைப்பை மாற்றக் கேட்டது முத்துக்குமாரு; 'காவடியின் உட்பொருள்' என்று வைத்தார்கள். காவடியின் தண்டு முதுகெலும்பு, இரு பக்கச் செம்புகள் இன்பமும் துன்பமும், மயிலிறகு மனம் என்று கனகலிங்கம் உருக்கமாக எடுத்துரைத்தார். மேற்கோள்கள் எல்லாம் பழையவையே. பழைய இடங்களில் இருமினார்கள், பழைய இடங்களில் கைதட்டினார்கள்; கருத்து தலைகீழாகியிருப்பதை ஒருவரும் குறிப்பிடவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், "இவ்வளவு காலமும் இதைத்தானே தம்பி சொல்லிக்கொண்டு வந்தவர்" என்று பாராட்டினார்.

தைப்பூசத்தன்று பால்காவடிதான், வேல் குத்தும் வேலை நேர்த்தியில் இல்லை என்பதைப் புனிதவதி நியாயமாக ஒத்துக்கொண்டாள். உறுமி மேளத்தைக் கிள்ளானிலிருந்து வேலாயுதம் கூட்டிவந்தான். பத்துமலை அடிவாரத்து ஆற்றங்கரையில் காவடியைத் தோளில் ஏற்றியபோது கனகலிங்கம் வெட்கத்தால் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு நிமிஷம் தலைகுனிந்து நடந்தார். பிறகு முன்னால் ஒரு காவடி போவது கண்ணில் பட்டது.

அதைத் தாண்டினார். அதற்கு முன்னால் இன்னொன்று. அதையும் தாண்டினார். "மெல்லண்ணே, மேளக்காரங்க பின்னால வராங்க!" என்று வேலாயுதம் கூவினான். மேளக்காரர்கள் தாளத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "அரோகரா" என்று எழுந்த கூட்டத்தின் குரல், கனகலிங்கத்துக்குப் பாடாங்கின் ஓரத்தில் நிற்பவர்கள் கூச்சலிடுவது போலவே கேட்டது. படிக்கட்டின் அடியில் மூச்சைச் சரிசெய்து, தோளைத் தளர்த்தி, மேட்டில் ஓடுகிறவன் எடுக்கும் சிறு சிறு அடிகளாக ஏறினார். அவரிடமிருந்து வெகு கீழே, இராஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புனிதவதி ஏறிக்கொண்டிருந்தாள்.

அவள் மேலே வந்து சேர்ந்தபோது காவடி இறக்கிப் பாலும் அபிஷேகமாகியிருந்தது. கனகலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு தூணில் சாய்ந்திருந்தார், பரிசளிப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"என்ன ஓட்டம் இது?" என்றாள் அவள், மூச்சிரைக்க. "முருகன் எங்க ஓடிப்போறார்?" சொல்லிக்கொண்டே கல்லில் உட்கார்ந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். முகம் சுளித்தது.

"என்ன, நோகுதோ?"

"ஒண்டுமில்லை. முழங்கால் பிடிச்சிட்டுது. இனி இறங்கேலுமோ தெரியாது."

கனகலிங்கம் அவளுடைய முழங்காலைப் பார்த்தார். நிதானமாகத் திரும்பி, சந்நிதியைப் பார்த்தார். விபூதி பூசிய நெற்றியோடு, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

புனிதவதி முழங்காலை மறந்து எழுந்து பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"வேண்டாம்! வேண்டாம்! ஒண்டும் நேர்ந்துபோடாதேயுங்கோ! எனக்குச் சுகம்!"